மால்குடிக்கு டிக்கெட் எடுக்கும் முன்

எல். வைத்தியநாதனின் முகப்பிசை காதில் விழுந்ததுமே ஓட்டு வீடுகளும் ஈரம் காயாத தெருவும் கண்முன் வந்துவிடுகின்றன. தூர்தர்ஷன் 1980-களில் ஒளிபரப்பிய ‘மால்குடி டேஸ்’ தொடரின் மாயம் அது. மாயம் அளவுக்கு மீறிப் பலித்துவிட்டதால், அந்தத் தெருவேதான் மால்குடி என்று நம்பிப் பயணம் கிளம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தெரு இருப்பது கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து அகும்பேயில். இயக்குநர் சங்கர் நாக் படம்பிடித்த இடம் அது, எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தன் கதைகளுக்காகக் கற்பனையில் படைத்த ஊர் அல்ல. அகும்பே, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடம். கதைகளின் மால்குடிக்காரர்களோ மாலையானால் சரயு ஆற்று மணலில் போய் உட்காருகிறவர்கள். இந்தச் சரயுவை அயோத்தியின் நதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் மட்டுமே ஒன்று.

அகும்பேயில் இறங்கி ரயில் நிலையத்தைத் தேடுவதும் வீண். அங்கே ரயிலே கிடையாது. தொடருக்காகப் படம்பிடித்த நிலையம் அதே மாவட்டத்தின் அரசாளு. அதன் பழைய கட்டடம் இப்போது மால்குடி அருங்காட்சியகமாக இருக்கிறது. இது எனக்குப் பிடித்த பொருத்தம். ஏனென்றால் நாராயணின் மனத்தில் முதலில் தோன்றியதே ரயில் நிலையம்தான். 1930-ல் பெங்களூரில், பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தபோது, சிறிய நிலையத்தோடு மால்குடி வந்து நின்றது என்கிறார் அவர். பெங்களூர்ப் பகுதிகளான மல்லேஸ்வரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டிச் செய்த பெயர் என்பது கேட்கச் சுவையான கதை. அவர் சொன்ன பிறப்புக் கதையில் அந்த ஒட்டுவேலை இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது, மால்குடியைக் ‘கிராமம்’ என்று எழுதும் பழக்கம். கல்லூரி, அச்சகம், நகராட்சி எல்லாம் உள்ள நகரம் அது. கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்து, கடன் கேட்டு வருகிறவர்களுக்கு வழிகாட்டியே பிழைக்கும் நாராயணின் கதாபாத்திரம் மார்கய்யாவைக் கிராமத்தில் எப்படிப் பொருத்துவது? ஊர் காலத்தோடு மாறவும் செய்கிறது. 1935-ல் வெளிவந்த முதல் நாவலில் பள்ளிச் சிறுவன் சுவாமியின் கிரிக்கெட் குழு. 1949 நாவலில் சினிமா ஸ்டுடியோ. 1976-ல் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம். தொடரில் அதிகம் நினைவில் நிற்பது சுவாமியின் காலம்தான் என்பதால் மற்றவை மறந்துபோகின்றன.

‘அப்படியானால் மைசூர்தானே?’ என்பார்கள். நாராயண் வாழ்ந்த ஊர், யாதவகிரியில் அவர் வீடு நினைவில்லமாகவும் இருக்கிறது. ஆனாலும் மால்குடியைத் தென்னிந்தியச் சிறுநகரம் என்று சொல்வதையே அவர் பாதி உண்மை என்றார். மால்குடி மனிதர்களை நியூயார்க்கின் 23-ஆம் தெருவிலும் பார்க்கலாம் என்று எழுதினார்.

அகும்பேக்குத் தாராளமாகப் போகலாம், குடையோடு. சுவாமியின் வீடாக வரும் ‘தொட்ட மனெ’ (கன்னடத்தில் பெரிய வீடு) படப்பிடிப்புக்காக எழுப்பிய அரங்கம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் பழைய வீடு. வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.