பின்லாந்தின் அரசியல் வரலாற்றை 1944இலிருந்து படிக்கும் முறை

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு நூலகத்தின் மாடியில், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உலக வரலாறு வாசித்து வருகிறேன். முதன்மைத் தேர்வின் பொதுப்பாடத் தாளில் தேச எல்லைகள் மாற்றி வரையப்பட்டது ஒரு தலைப்பாகவே இருந்தும், பெரும்பாலான குறிப்பேடுகளில் பின்லாந்து நான்கே வரிகளில் முடிந்துவிடுகிறது: 1906இல் பெண்களுக்கு வாக்குரிமை, 1917இல் விடுதலை, 1995இல் ஐரோப்பிய ஒன்றியம், 2023இல் நேட்டோ. இந்த ஆண்டுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தடையைக் கடக்க எங்களுக்கு உதவிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் நாட்டின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். மேற்கே ஸ்வீடனையும் தெற்கே கடலையும் குறித்தபின், கிழக்கே ரஷ்யாவுடன் இன்றுள்ள சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லையை மையால் வரைந்து, 1939இல் இருந்த எல்லையை அதற்கு அப்பால் புள்ளிக்கோடாக இடுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்புங்கள். ஆண்டுகளை எழுத அவசரப்பட வேண்டாம். ஸ்வீடனிடமிருந்து ரஷ்யாவின் கைக்கு நாடு மாறிய 1809இலிருந்து வரிசையாகத் தொடங்கினால், முக்கியமான பகுதிக்கு வந்து சேருமுன் படிப்பவர் களைத்துவிடுவார். 1944 செப்டம்பர் 19இல் மாஸ்கோவில் சோவியத் ஒன்றியத்தோடு கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கைதான் நல்ல தொடக்கம் என்பது என் கருத்து, ஏனெனில் முன்னே நடந்தவையும் பின்னே நடந்தவையும் அந்த ஒரு நாளில் வந்து சந்திக்கின்றன.

தாளின் இடப்பக்கம், இழந்தவற்றை எழுதுங்கள். 1939 நவம்பர் 30இல் சோவியத் படையெடுப்போடு தொடங்கி 105 நாள் நடந்த குளிர்காலப் போரின் முடிவிலேயே, வீபுரி நகரம் உட்பட நாட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலம் போயிருந்தது. 1941இல் ஜெர்மனியோடு சேர்ந்து நடத்திய தொடர்ச்சிப் போரில் அந்நிலத்தை மீட்டு, அதற்கு அப்பாலும் சென்று, கடைசியில் எல்லாவற்றையும் மறுபடியும் இழந்தார்கள். ஜெர்மனியோடு சேர்ந்ததை மறைக்காமல் எழுதுங்கள்; அதை விட்டுவிட்டு எழுதும் விடை அரைகுறையானது. கூடவே சோவியத் ஒன்றியத்துக்கு 30 கோடி டாலர் இழப்பீட்டைப் பொருளாகச் செலுத்த வேண்டியிருந்தது. வலப்பக்கம், இழக்காதவற்றை எழுதுங்கள். எதிரிப் படை நாட்டைக் கைப்பற்றி ஆளவில்லை, நாடாளுமன்றம் கலைந்துபோகவில்லை, 1945 மார்ச்சிலேயே பொதுத்தேர்தல் நடந்தது.

இந்தத் தாளைத் தயாரித்தபோது, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி சிவப்புப் பென்சிலை நிறுத்திவிட்டு, "இங்க இருந்த அத்தனை பேரும் அப்புறம் எங்கே போனாங்கங்க, சார்?" என்று கேட்டார். பவானிசாகர் அணைக்காக ஊரைவிட்டுப் பெயர்ந்த குடும்பம் அவருடையது. நீர் வற்றும் ஆண்டுகளில் டணாய்க்கன்கோட்டைக் கோயில் வெளியே தெரியும்போதெல்லாம் அவருடைய பாட்டி போய் நின்று பார்த்துவிட்டு வருவாராம். அவர் கேட்ட கேள்வியை எந்தக் குறிப்பேட்டிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் விடை இருக்கிறது. இழந்த நிலத்தின் பெரும்பகுதியான கரேலியாவில் வாழ்ந்த 4 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் தங்கள் வீடுகளை விட்டு, எஞ்சிய பின்லாந்துக்குள் வந்தார்கள். 1945இல் நாடாளுமன்றம் இயற்றிய நிலச் சட்டத்தின்படி அரசு, நிறுவனங்கள், பெரிய பண்ணைகள் ஆகியவற்றிடமிருந்து நிலம் எடுக்கப்பட்டு, இழந்து வந்த உழவர்களுக்கும் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. அகதி முகாம்களிலேயே ஒரு தலைமுறை முடிந்துபோகாமல் காத்த இந்தச் சட்டத்தை 1944க்கும் 1948க்கும் நடுவில் கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்து, பின்னோக்கிச் செல்லுங்கள். போருக்குப் பின்னும் நின்ற அந்த நாடாளுமன்றம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களை 1906க்குக் கொண்டுபோகும். அங்கே நிற்காமல் 1899 வரை செல்லுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் பின்லாந்தை ஆண்ட ரஷ்யப் பேரரசர் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் பின்லாந்தின் சட்ட உரிமைகளைக் குறுக்கி அறிக்கை வெளியிட்டபோது, மாணவர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஊர் ஊராகச் சென்று, இரண்டு வாரத்துக்குள் 5,20,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 500 பேர் அந்த மனுவை ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்குக் கொண்டுசென்றார்கள். ஜார் அவர்களைச் சந்திக்க மறுத்துவிட்டார். 1905இல் ஜப்பானிடம் ரஷ்யா தோற்றுத் தள்ளாடியபோது பின்லாந்தில் பொது வேலைநிறுத்தம் மூண்டது, ஜார் இறங்கிவந்தார். நான்கு வர்க்கத்தாருக்கு மட்டும் இடமிருந்த பழைய சபை போய், 200 உறுப்பினர் கொண்ட ஒரே அவை வந்தது. ஆண், பெண் இருபாலரும் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றார்கள். 1907 தேர்தலில் 19 பெண்கள் வென்றார்கள். அவர்களுள் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்த மீனா சில்லன்பா, 1926இல் நாட்டின் முதல் பெண் அமைச்சரானார். சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது சொத்துத் தகுதி இருந்தது என்பதை அருகில் எழுதிவைத்தால், வேறுபாடு மனத்தில் நிற்கும்.

1917, 1918 ஆண்டுகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் 13 நாள் வேறுபாடு வரும். டிசம்பர் 6இல் அறிவித்த விடுதலையை லெனினின் அரசு ஏற்ற நாள் ஒரு நூலில் டிசம்பர் 18 என்றும் மற்றொன்றில் டிசம்பர் 31 என்றும் இருந்தால் இரண்டும் சரியே. மற்றொன்று பெயர். 1918 ஜனவரி முதல் மே வரை தொழிலாளர் பக்கம் நின்ற செம்படையினரும் அவர்களை எதிர்த்த வெண்படையினரும் மோதியதை, வென்ற வெண்படையினர் விடுதலைப் போர் என்றார்கள், தோற்ற செம்படையினர் வர்க்கப் போர் என்றார்கள், இன்று உள்நாட்டுப் போர் என்பதே பொதுவழக்கு. எந்தப் பெயரைக் காண்கிறீர்களோ, அதை எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். மாண்டவர்கள் சுமார் 36,000 பேர். சிறைமுகாம்களில் மட்டும் பசியாலும் நோயாலும் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை எழுதாமல் விடாதீர்கள். ஜெர்மன் இளவரசர் ஒருவரை மன்னராக்க முயன்றது கைகூடவில்லை. 1919இல் குடியரசுச் சட்டம் வந்தது. ஸ்டோல்பெர்க் முதல் குடியரசுத் தலைவரானார்.

இனி 1944இலிருந்து முன்னோக்கி வாருங்கள். 1948 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு உடன்படிக்கை ஏற்பட்டது. 1952இல் இழப்பீட்டின் கடைசித் தவணை போய்ச் சேர்ந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கித் தங்கம் வென்ற அதே ஆண்டு என்று நினைவில் வையுங்கள். அதன்பின் வரும் கெக்கோனெனின் காலத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 1956இலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் அவரே குடியரசுத் தலைவர். 1961 அக்டோபரில் சோவியத் அரசு ராணுவப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கடிதம் அனுப்பியதும், அவரை எதிர்த்து நின்ற வேட்பாளர் விலகிக்கொண்டார். 1973இல் தேர்தலே நடத்தாமல், தனிச் சட்டத்தால் அவருடைய பதவி நான்காண்டு நீட்டிக்கப்பட்டது. 1975இல் 35 நாடுகள் ஹெல்சிங்கியில் கூடி, ஐரோப்பாவின் பாதுகாப்பும் ஒத்துழைப்பும் குறித்த உடன்பாட்டில் கையெழுத்திட்டதும் அவர் காலத்தில்தான். அமைதியைக் காத்தவர் என்று எழுதும் கையாலேயே 1973ஐயும் எழுதுங்கள். இல்லாவிட்டால், தொடர்ந்து இருமுறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற 1991ஆம் ஆண்டுத் திருத்தமும், 1994இல் மக்களே நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததும், தலைவரின் அதிகாரத்தைக் குறைத்த 2000ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமும் காரணமில்லாமல் வந்தவைபோலத் தோன்றும்.

ஐரோப்பிய ஒன்றியத்தை ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்: சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது, 1994 அக்டோபர் வாக்கெடுப்பில் 56.9 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள், 1995 ஜனவரி 1இல் நாடு இணைந்தது. 2022இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தபின் 2023 ஏப்ரல் 4இல் நேட்டோவின் 31ஆவது உறுப்பினரானதை எழுதும்போது, தாளிலுள்ள மைக்கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பயிற்சிக்கு, தாளை மடித்து வைத்துவிட்டு, "பின்லாந்து தன் நாடாளுமன்றத்தை எவ்வாறு காத்துக்கொண்டது?" என்ற வினாவுக்கு 150 சொற்களில் விடை எழுதிப் பாருங்கள். 1944இல் தொடங்கி, ஒருமுறை 1906க்குப் போய் வந்து, 1973ஐத் தொட்டு, 2000இல் முடியுங்கள். பிறகு தாளை விரித்து, கரேலிய மக்களுக்கு நிலம் கொடுத்த சட்டம் உங்கள் விடையில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால், மறுநாள் புதிய தாளில் மறுபடி எழுதுங்கள்.