சம்பளத்தைச் சேர்ந்தே கேளுங்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கிறீர்களா? அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன், அதே வேலை செய்யும் கறுப்பினத் தோழியிடம் உங்கள் சம்பளத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். அவருடையதைக் கேட்பது அப்புறம்.

நடிகை ஆக்டேவியா ஸ்பென்சர் 2018 ஜனவரியில் பகிர்ந்த அனுபவம் இதற்கு நல்ல உதாரணம். கறுப்பினப் பெண்களுக்குச் சம்பளம் எவ்வளவு குறைவு என்று அவர் கணக்கோடு எடுத்துச் சொன்னதும், உடன் நடிக்கவிருந்த ஜெசிகா சாஸ்டெய்ன் இருவருக்கும் ஒரே சம்பளம் என்று சேர்த்தே பேரம் பேசினார். கேட்டதைப்போல் ஐந்து மடங்கு கிடைத்ததாம்! ஆறுதல் சொல்வதைவிட இது எவ்வளவு பெரிய உதவி!

தயக்கமே வேண்டாம். தனியார் நிறுவன ஊழியர்களில் பெரும்பாலோர் சம்பளம் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதை 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுகள் சட்டம் பாதுகாக்கிறது. மேற்பார்வையாளர் பதவியில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அந்தப் பாதுகாப்பு கிடையாது.