கடைக்கு க்யூஆர் வைக்கப் போகிறீர்களா? ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா சாயங்காலம் இட்லிக்கடை போடுகிறார். "ஜிபே இருக்கா அக்கா?" என்று கேட்டால் ரொம்ப நாளாக இல்லை என்றுதான் தலையாட்டிக்கொண்டிருந்தார், கட்டி வைத்த பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். போன மாதம் ஒரு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். அவருக்கு இருந்தது ஒரே பயம், தெரியாமல் எதையாவது அழுத்தி, கணக்கில் இருக்கிற காசும் போய்விட்டால் என்ன செய்வது? வாங்குகிறவர்கள் சில்லறைத் தொல்லை விட்டது என்று சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். விற்கிறவர்களுக்கு ஒரு நாள் வியாபாரமே கையில் இருக்கிற பொருள், அவர்கள் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. அதனால் அந்தப் பயத்தை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஜிபே, போன்பே எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது யுபிஐ, அதாவது போனிலிருந்தே ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் முறை. அது 2016-ல் வந்தது, நடத்துவது என்பிசிஐ என்கிற தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம். வாங்குகிறவர் எந்த வங்கி, எந்த ஆப் வைத்திருந்தாலும் உங்கள் ஒரே க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் போட முடியும், ஜிபேக்கு ஒன்று, போன்பேக்கு ஒன்று என்று நாலு அட்டை மாட்டத் தேவையில்லை.

1. போனைத் தொடுவதற்கு முன்னால்

வங்கியில் கொடுத்த நம்பரின் சிம், நீங்கள் ஆப் போடப்போகும் போனிலேயே இருக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அக்காவுக்கும் அதுதான் நடந்தது, வங்கியில் இருந்தது தொலைந்துபோன பழைய நம்பர். பாஸ்புக், ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை ஓடியது. ஆப் உங்கள் நம்பரைச் சரிபார்க்கத் தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்கு சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா பாருங்கள். இரண்டு சிம் போன் என்றால் சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

முடிந்தால் கடைக்கென்று தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். மகன் அனுப்பும் பணம், சீட்டுப் பணம், கடை வரவு எல்லாம் ஒன்றாகக் கலந்தால் பின்னால் பிரிக்கவே முடியாது. ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

2. வியாபார ஆப்

போன்பே, கூகுள் பே, பேடிஎம் மூன்றுக்கும் கடைக்காரர்களுக்கென்று தனி ஆப் இருக்கிறது. அதைத்தான் போட வேண்டும். சொந்த ஆப்பில் வரும் க்யூஆரை அச்சடித்து ஒட்டினாலும் பணம் வரும்தான், ஆனால் ஸ்கேன் செய்கிறவருக்குக் கடைப் பெயர் தெரியாது, கணக்குப் பார்க்கவும் வசதி போதாது. ஆப்பைத் திறந்து, நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு, கடைப் பெயர், என்ன வியாபாரம், எந்த வங்கிக் கணக்கு என்று கேட்கிறதையெல்லாம் நிரப்புங்கள். ஓடிபியை நீங்களே தட்டுங்கள், உதவிக்கு வந்தவர் யாராக இருந்தாலும் வாயால் சொல்லாதீர்கள்.

வாங்குகிறவர் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் கொடுக்கும் பணத்துக்கு, 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. நூற்றுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

3. ஒரு ரூபாய் சோதனை

அட்டை கைக்கு வந்ததும் வேறொரு போனிலிருந்து ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள். திரையில் வரும் பெயர் உங்கள் கடைப் பெயர்தானா? வங்கிக் கணக்கில் எப்போது ஏறுகிறது? சில ஆப்பில் உடனே ஏறும், சிலவற்றில் மறுநாள் ஏறும். காலையில் மாவரைக்க, காய்கறி வாங்கக் காசு தேவைப்படுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில், உங்கள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். உங்கள் அட்டை மேல் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகிற திருடர்கள் இருக்கிறார்கள். கடை திறக்கும்போது அட்டையை ஒரு தடவை விரலால் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

4. பேசும் பெட்டி

என்னைக் கேட்டால் சின்னக் கடைகளுக்கு யுபிஐயை உண்மையிலேயே கொண்டுவந்து சேர்த்தது இந்த சவுண்ட் பாக்ஸ்தான். பேடிஎம் ஆரம்பித்து வைத்தது, இப்போது மற்றவர்களும் தருகிறார்கள். கையெல்லாம் மாவு, அடுப்பில் இட்லிக் குண்டான், எதிரில் ஏழு பேர் நிற்கும்போது ஒவ்வொருவர் போனையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பெட்டி "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்கிற மாதிரி தமிழிலேயே சத்தமாகச் சொல்லிவிடும். உள்ளேயே சிம் இருப்பதால் உங்கள் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தாலும் அது பாட்டுக்குப் பேசும். அக்கா முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, நாலைந்து பேருக்குப் பிறகு போனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பெரும்பாலும் மாத வாடகை உண்டு. எவ்வளவு, கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்களா, வேண்டாம் என்றால் எப்படித் திருப்பித் தருவது, இந்த மூன்றையும் வாங்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். என் சித்தப்பா கடையில் இலவசம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், மூன்றாம் மாதம் வாடகை பிடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

5. ஏமாறாமல் இருக்க

பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டும்தான் பின். "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டால் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார். அக்காவுக்கு இதைப் பத்துத் தடவையாவது சொன்னேன், அதற்கப்புறம்தான் அவர் முகத்தில் அந்தப் பயம் போனது.

இன்னொன்று, பச்சை டிக் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அதேபோலக் காட்டுகிற போலி ஆப்கள் இருக்கின்றன. பெட்டி பேச வேண்டும், இல்லை உங்கள் ஆப்பில் வரவு தெரிய வேண்டும். நெட்வொர்க் சரியில்லாத நேரத்தில் நல்லவரிடமும் பணம் பாதியில் நிற்கும், தெரிந்த முகம் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிடலாம், அது உங்கள் முடிவு. உண்மையாகவே பணம் பறிபோய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள், பிறகு வங்கிக்கும் சொல்லுங்கள்.

6. கணக்கு நோட்டு

தினம் கடை மூடியதும் ஆப் வரவு, கல்லா வரவு இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பயந்துபோன பலர் க்யூஆரைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு வருடம் 40 லட்சம், சாப்பாட்டுக் கடை சேவைக் கணக்கில் வருவதால் 20 லட்சம். அதாவது நாளுக்கு ஏறக்குறைய 5,500 ரூபாய் விற்பனை, ரொக்கமும் சேர்த்து. சீட்டுப் பணமும் அதே கணக்கில் கிடந்தால், இது வியாபாரம் இல்லை என்று காட்டுவது உங்கள் தலையில்தான் விழும். தனிக் கணக்கு என்று முதலிலேயே சொன்னது இதற்குத்தான். வரம்பை நெருங்கினால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

7. அப்புறம்

இரண்டு வாரம் பழகிய பிறகு வாட்ஸ்அப் பிசினஸ் போடலாம். காசு கிடையாது. கடை நேரம், விலைப் பட்டியல், நாலு படம் போட்டு வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமை இடியாப்பத்துக்கு மட்டும் சனிக்கிழமை ராத்திரியே அதில் ஆர்டர் எடுக்கிறார், எத்தனை பேருக்கு மாவு பிசைவது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சில்லறை டப்பா மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது, சாதா போன் வைத்திருக்கும் தாத்தா தினமும் வருகிறாரே.