வயிற்றுச் சுற்றளவை வீட்டிலேயே அளப்பது எப்படி?

சர்க்கரை நோய் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். டேப்பை எடுத்தாலே, "நான் ஒல்லிதானே சிஸ்டர், எனக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். ஒல்லியாக இருப்பவர்களைத்தான் நான் விடுவதில்லை.

காரணம் புனே கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆராய்ச்சி. அவரும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3தான். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பிறக்கும்போதே நம் குழந்தைகள் இப்படித்தான் என்பதையும் யாஜ்னிக் குழு முன்பே காட்டியிருந்தது: புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையிலும் தசையிலும் நன்றாகவே குறைவு, கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை.

எடை மெஷின் இதையெல்லாம் சொல்லாது. டேப் ஓரளவு சொல்லும், வைக்கிற இடத்தில் வைத்தால்.

தையல்காரர் டேப் போதும். பழசாகி இழுபட்டது வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் அளங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, பாவாடை நாடாவையோ பெல்ட்டையோ தளர்த்திவிட்டு, பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் தடவினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். அப்படியே கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், இரண்டு பக்கமும். அந்தப் புள்ளிகள் மேல்தான் டேப் போக வேண்டும். முதுகுப் பக்கம் அது நழுவி இறங்கிவிடும், அதனால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்காதீர்கள். சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும்போது, டேப் தோலை அழுத்தாமல், அளவைப் படியுங்கள். அப்புறம் இன்னொரு முறை.

பேன்ட் சைஸைச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது!

இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிலருக்குச் சர்க்கரை 140 மி.கி./டெ.லி.யைத் தாண்டும். 200ஐத் தொடாதவரை அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலைதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையும் மட்டுமே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன.