வயசானா அப்படித்தான் என்று சொல்வதற்கு முன்னால்

போன வருடம் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது, கட்டிலிலிருந்து எழுந்தால் கிறுகிறுப்பு வேறு. 74 வயசாச்சு, இனிமேல் ஒவ்வொன்றாக வரத்தான் செய்யும் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். வீக்கத்துக்கு டாக்டர் நீர் மாத்திரை எழுதினார், அதைப் போட்டதும் கிறுகிறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் தெருமுனை மருந்துக்கடைத் தம்பிதான் அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ரெண்டும் ஒரே மாத்திரை, கம்பெனிதான் வேற" என்றான். பிரஷருக்கான அம்லோடிபின். இரண்டு டாக்டர்கள், இரண்டு பெயர்கள், தினமும் இரட்டிப்பு அளவு. அந்த மருந்து அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது சகஜமாம்.

தவறு எங்களுடையதுதான். ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவரிடம் நாங்கள் காட்டவே இல்லை.

அதனால் இப்போது டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு மஞ்சப்பை கூடவே வரும். மாத்திரை அட்டைகள், சூரணம், தூக்க மாத்திரை, முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது, எல்லாம் அதில். முக்கியமாக அந்தக் கடைசி அயிட்டம். வலி மாத்திரைகள் பலவற்றைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடலாம், பிரஷரும் ஏறலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், பாதம் மரத்துப்போனால் அதையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. "அது வசதி இல்லாதவங்களுக்கு" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. இன்னொன்று, இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று ஓடுகிறோம், முழு மனிதரையும் சேர்த்துப் பார்க்கிற முதியோர் மருத்துவர் ஒருவர் வேண்டும் என்பது தோன்றுவதே இல்லை. கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறந்தாயிற்று, சென்னைப் பக்கம் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் இந்தப் பாசம். "நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று காய் நறுக்குவது, துணி மடிப்பது, கடைக்குப் போவது எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் ஆறே மாதத்தில் தொடைச்சதை கரைந்து, நாற்காலியிலிருந்து எழவே கை தேவைப்படும். 65 வயதுக்கு மேல் நடப்பது மட்டும் போதாது, வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசைக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராத்திரிக்கு இரண்டு ரஸ்க், ஒரு டம்ளர் காபி என்று முடித்துக்கொண்டால் தசை எங்கிருந்து வரும்? சுண்டலோ முட்டையோ பயறோ தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்புரை "முத்தட்டும்" என்று காத்திருப்பது அந்தக் கால வழக்கம். இப்போதைய அறுவை சிகிச்சைக்கு முத்த வேண்டிய அவசியமே இல்லை, முத்தினால்தான் சிக்கல், அதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போகும். போய்விட்டால் "இந்த வயசுல ஆபரேஷனா" என்று எண்ணெய்க்கட்டுப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள், படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வரிசையில் நிற்கும். ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடப்பதுதான் நல்லது.

காது விஷயத்தில்தான் எனக்கு இன்னும் குற்ற உணர்ச்சி. சனிக்கிழமை பஜனைக்குப் போவதை அம்மா நிறுத்தியபோது, ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தோம். காது கேட்காததால் மற்றவர்கள் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14 சொன்னது. அதில் கேட்புக் குறைவும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. நம் வீடுகளில் முதலாவது வந்தால் இரண்டாவது தானாக வந்துவிடுகிறது. காது மெஷின் போட்ட அன்று அம்மா முதலில் கேட்டது, "இந்த ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமாடா?" இரண்டு வாரம் எரிச்சல்பட்டாள். பலர் அந்த இரண்டு வாரத்தில்தான் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள்.

கோயம்புத்தூரில் என் ஆறாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். நான் செய்யப் பார்த்த பெரிய தவறு அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. "அங்க வந்தா பூக்காரம்மாகூட என்னைத் தெரியாதேடா" என்றாள். சரி, ஊரிலேயே இருக்கட்டும் என்று 14567 என்ற முதியோர் உதவி எண்ணை போனில் பதிந்து கொடுத்தேன், வீட்டுச் சாவி ஒன்றை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்தேன். காலை ஏழு மணிக்குள் எங்கள் வாசலில் கோலம் விழவில்லையென்றால் அவர் வந்து கதவைத் தட்டுவார், அடுத்த நிமிடம் எனக்குப் போன் வரும்.