நாட்டுக்கோழியை பிராய்லர் கடை மாதிரி விற்காதீர்கள்

போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் என் போனுக்கு 23 ஆர்டர் வந்தது. விற்கிற பருவத்தில் கையில் இருந்தது 9 சேவல். ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, மீதி 14-ஐ ஒரு வியாபாரியிடம் வாங்கிக் கொடுத்தேன். நாட்டுக்கோழி என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அவை கொட்டகையில் வளர்ந்த அசில் கிராஸ், அதாவது அசில் சண்டைக்கோழியின் கலப்பினம், என்பது கோழி வளர்க்கிறவனுக்குக் கால்களைப் பார்த்தாலே தெரியும். எனக்கும் தெரிந்தது. ஓசூரில் இரண்டு வருஷமாக எங்களிடம் வாங்குகிற ஒரு அக்கா அன்று மத்தியானமே கூப்பிட்டார்: “தம்பி, இது உங்க கோழி இல்லையே. மூணு விசில்லயே கறி எலும்பை விட்டுடுச்சு.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிப் பேரில் நான்கு பேர் எதுவும் சொல்லாமலே எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் மேய்வது 40 சிறுவிடைகள், உருவத்தில் சிறிய நாட்டுக்கோழி ரகம். இந்த அளவில் வளர்த்து நேரடியாக விற்கிறவர்கள் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி ஒரே வேரிலிருந்து வருகிறது: எந்த நாள் கேட்டாலும் கோழி இருக்கும் என்று பிராய்லர் கடை மாதிரி பேசிவிடுவது. சிறுவிடையின் கணக்கே வேறு. ஒரு அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, 21 நாளில் குஞ்சு. கூமுட்டை போக, காக்காயும் பருந்தும் கீரியும் தூக்கியது போக, பாதி நிமிர்ந்தால் நல்ல அடை. அப்புறம் ஒன்றேகால் கிலோ வர ஐந்து, ஆறு மாதம். ஆடி 18-க்குச் சேவல் வேண்டுமென்றால் தை பாதியிலேயே அடை வைத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு என்றால் சித்திரை. அந்த வெயிலில் முட்டை நிறைய கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆகவே முதலில் ஒரு நோட்டு போடுங்கள். எந்த அடை எந்த மாதம் விற்பனைக்கு வரும் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு. இருப்பது 9 என்றால் 9-க்கு மட்டும் முன்பணம் வாங்கிவிட்டு, பத்தாவது ஆளிடம் அடுத்த மாதம் என்று சொல்லுங்கள். அந்தப் பத்தாவது ஆள் காத்திருப்பார், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆட்கள் கோழி கேட்கிற காலம் நமக்குத் தெரிகிற அளவுக்குக் கேட்காத காலம் தெரிவதில்லை. புரட்டாசி எல்லோருக்கும் தெரியும். கார்த்திகையில் மாலை போடுகிற வீடுகளும் உண்டு. ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விற்கிறவர்கள் மறந்துவிடுவது கன்னடம் பேசுகிற வீடுகளை. ஆடி அமாவாசை கழிந்ததும் அவர்களுக்குச் சிராவண மாதம். பல வீடுகளில் கறி கிடையாது. மாறாக யுகாதிக்கு மறுநாள், அவர்கள் ஹொசதொடகு என்று சொல்கிற நாளில், கறி இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். அந்த நாளுக்கு உரிய அடையை வைக்க வேண்டிய மாதம் எது தெரியுமா? விற்பனை படுத்துக் கிடக்கிற அதே புரட்டாசிதான்.

அடுத்தது எடை. மனஸ்தாபம் அதிகம் வருவது இங்கேதான். உயிர் எடையில் விலை சொல்லி, உரித்த கறியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒன்றரைக் கிலோ கோழி இறகும் குடலும் போனால் சுமார் ஒரு கிலோதான் நிற்கும். ஒரு பேச்சுக்கு உயிர் எடை கிலோ 500 ரூபாய் என்று வையுங்கள். அந்தக் கோழிக்கு 750. பையைத் தராசில் வைத்துப் பார்க்கிறவர் ஒரு கிலோதான் காட்டுகிறது என்றால் என்ன நினைப்பார்? ஏமாற்றிவிட்டான் என்றுதான். முதல் செய்தியிலேயே உயிர் எடை எவ்வளவு, கறியாக எவ்வளவு வரும், தோலோடு வாட்டி மஞ்சள் தடவித் தருவீர்களா, தலை, கால், ஈரல் சேருமா என்று எழுதிவிடுங்கள். கோழியை எடை போடும்போது தராசைப் படம் எடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அதன் பிறகு எடை பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

பெயரிலும் இதே நேர்மை வேண்டும். வனராஜாவும் கிராமப்பிரியாவும் நல்ல கோழிகள், நன்றாக வளர்கின்றன. ஆனால் அவை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகங்கள். அவற்றைச் சிறுவிடை என்று விற்கத் தேவையே இல்லை. பெயரைச் சொல்லி, விலையைக் கொஞ்சம் குறைத்து விற்கலாம்.

முட்டையில் ஒரே எச்சரிக்கை. சேவலோடு திரிகிற கோழியின் முட்டை கரு கூடியது. வெயில் நாளில் இரண்டு மூன்று நாள் வெளியே கிடந்தால் உள்ளே கரு வளர ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் உடைத்த முட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். மஞ்சள் கருவின் மேல் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள். வைக்கோல் போருக்குப் பின்னால் எப்போது இட்டது என்றே தெரியாத முட்டை அது. இப்போது காலை, மாலை இரண்டு வேளையும் எடுத்து, பென்சிலால் தேதி எழுதி, குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறோம். தேதி தெரியாத முட்டை எங்கள் வீட்டுக்கும் கூட வராது, நாய்க்குத்தான்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கோ காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கோ கொண்டுபோய் விற்காமல் திரும்பிய கோழியை அப்படியே பட்டியில் விடாதீர்கள். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் இப்படித்தான் வீட்டுக்கு வரும். இரண்டு மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள், தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். நோய் வந்த பட்டியிலிருந்து ‘நல்லா இருக்கிறதை மட்டும்’ அவசரமாக விற்பது இன்னும் மோசம். கருங்கோழி தின்றால் சர்க்கரை இறங்கும் என்ற பேச்சும் வேண்டாம். கோழியைக் கோழியாக விற்றால் போதும்.

வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்பதும் ஒரு பொறி. ஓசூருக்குப் போய்வர எனக்குச் சுமார் 60 கிலோமீட்டர். இரண்டு கோழிக்கு அந்தப் பயணம் என்றால் லாபம் பெட்ரோல் பங்கில் முடிந்துவிடும். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் ஒரே இடத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டோம்.

கடைசியாகக் கிழக்கோழி. மூன்று வருஷம் முட்டையிட்ட கோழியை வெடைக்கோழி, அதாவது இளங்கோழி, விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு; கறி ரப்பர் மாதிரி இருக்கிறது என்று பேர் கெடும். வயதைச் சொல்லி, விலையைக் குறைத்து, ஏழெட்டு விசில் விடுங்கள், குழம்புக்கு மட்டும்தான் ஆகும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஆடியில் என்னைப் பிடித்த அந்த அக்கா, கேழ்வரகுக் களிக்கு என்று இப்போது கேட்டு வாங்குவது அதைத்தான்.