கட்டிலுக்குத் துளையும் நாக்கும், அலமாரிக்குத் திருகும் பசையும்

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளின் திண்ணையில் கிடக்கும் பழைய கயிற்றுக் கட்டில்கள் பலவற்றில் ஓர் இரும்பாணிகூட இராது. காலில் பொளிந்த துளைக்குள் சட்டத்தின் நாக்கு, அதாவது மெலிதாகச் செதுக்கிய முனை, இறங்கியிருக்கும்; கயிற்றை இழுத்துக் கட்டக் கட்ட, சட்டமும் காலும் இன்னும் நெருங்கி அமரும். அத்தகைய இணைப்பை இன்று எங்கே செய்ய வேண்டும், எங்கே திருகும் பசையும் போதும் என்பதை மரமே முடிவு செய்கிறது.

பிளைவுட் போல அடுக்கி ஒட்டாத முழு மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. நார்ப்போக்குக்குக் குறுக்கே மட்டும் பங்குனி, சித்திரை வறட்சியில் சுருங்கும், ஐப்பசி மழையில் புடைக்கும். எனவே வேம்பு, வாகை, தேக்கு ஆகியவற்றில் கட்டில், பெஞ்சு, நிலை செய்வோர் துளை நாக்கு முறையையே கைக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு 4 நூல் (அரை அங்குலம்) கனம் சரியாக வரும், துளையின் அகலத்துக்கும் 4 நூல் உளியே அளவாகும். முதலில் துளையைப் பொளிந்துவிட்டு, அதற்கேற்ப நாக்கை அறுக்க வேண்டும், ஏனெனில் நாக்கை இழைத்துக் குறைப்பது எளிது, அகன்றுபோன துளையைச் சுருக்க வழியில்லை. கையால் அழுத்தினால் பாதி நுழைந்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெல்லத் தட்டினால் மீதி இறங்குவதே சரியான இறுக்கம். ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளக்கும்.

பசையின்றி நிற்க மர ஆணி வேண்டும். காலில் ஆணித்துளையை முன்னதாக இட்டு, நாக்கைச் செருகி, அத்துளை வழியே துரப்பண நுனியால் நாக்கின்மேல் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, நாக்கை வெளியே எடுக்கவும். அந்தப் புள்ளியிலிருந்து சட்டத்தின் தோள் (நாக்கு தொடங்கும் இடத்துப் படி) இருக்கும் பக்கமாக அரை நூல் தள்ளி நாக்கில் துளையிடவும். நுனி கூராக்கிய ஆணியை அடிக்கும்போது, விலகி நிற்கும் இரு துளைகளும் நேராக வர முயன்று, சட்டத்தின் தோளைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். ஆணியை நன்கு காய்ந்த கருவேலத்திலோ மூங்கிலிலோ பிளந்து எடுக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்த ஆணியில் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருந்தால் அடிக்கும்போதே ஒடிந்துவிடும்.

துளையை உளியால்தான் பொளிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. மரத்தைக் குடையும் ரூட்டர் இயந்திரத்தால் எடுத்து, வட்டமாக நிற்கும் மூலைகளை மட்டும் உளியால் சதுரமாக்கினாலும் வலிமை குறையாது.

பிளைவுட்டின் கதை வேறு. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது மிகக் குறைவாகவே விரியும்; அதன் ஓரத்தில் மெல்லிய நாக்கு எடுத்தால் அடுக்குப் பிரிந்துபோகும். 18 மி.மீ. பலகையில் 8 மி.மீ. உருளை மரக்குச்சியும் வெள்ளைப் பசையும் ஏற்றவை. பலகையின் முகத்தில் 12 மி.மீ. ஆழத்துக்கு மேல் துளை போகலாகாது. திருகு போடுவதானால் அதன் தண்டின் கனத்துக்கு முன்துளை இட்ட பிறகே முடுக்க வேண்டும். பசை வெளியே கசியும் அளவுக்குக் கிளாம்ப் கொண்டு இறுக்கி, 24 மணி நேரம் கழிந்தபின் பாரம் ஏற்றவும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் வரும் அலமாரியென்றால் சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும்; நீர் தாங்கும் பசையை வாங்கிக்கொள்ளுங்கள்.